சாவியைக் கொடுத்துவிட்டால் ஆம்புலன்ஸ் ஓடிவிடாது

சிரம்பானின் ரஹாங்கில் கோயில் கூட்டமோ கருமாதி வீடோ, தோட்டப்புறத்தில் யாராவது மாரடைப்பிலோ தீயிலோ போய்விட்ட சேதி வந்துவிட்டால் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடும். "கவர்மெண்ட நம்பிப் புண்ணியமில்ல. தீமிதிக்கும் பட்டாசுக்கும் கொட்டுற காசுல நாமளே ஒரு ஆம்புலன்ஸ் வாங்கிப் போட்டா என்ன?" என்பார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டிக்கொண்டே காரணமும் சொல்வார்: "தோட்டம் கம்பெனி நெலம். அங்க யாரு சுக்காய் பிந்து கட்டுறா? பொம்பா எப்படிச் சீக்கிரம் வரும்?" (சுக்காய் பிந்து என்பது மதிப்பீட்டு வரி, பொம்பா என்பது தீயணைப்புப் படை.) கூட்டம் கலைவதற்குள் நன்கொடைப் புத்தகம் அச்சடிக்க ஆள் கிடைத்துவிடும்.

இரண்டு பேச்சும் நல்ல மனதிலிருந்துதான் வருகின்றன. இரண்டும் தவறு. ஒன்று கணக்குப் பார்க்காமல் பேசப்படுவது. மற்றது வரலாறு தெரியாமல் பேசப்படுவது. இரண்டும் கைகோத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்குபவர்கள் இருவர்: தோட்டக் கம்பெனி, புத்ராஜெயாவின் நிதியமைச்சு.

சுக்காய் பிந்துவை முதலில் முடித்துவிடுவோம். மாநிலங்களும் ஊராட்சி அமைப்புகளும் தனித்தனியாக நடத்திவந்த தீயணைப்புப் படைகளைக் கூட்டரசு அரசாங்கம் 1976 ஜனவரி 1-ஆம் தேதி தன் கீழ் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பொம்பா வீரரின் சம்பளம், வண்டி, குழாய், எண்ணெய் எல்லாம் கூட்டரசு பட்ஜெட்டிலிருந்து வருகின்றன. 1988-இன் தீயணைப்புச் சேவைச் சட்டம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று எழுதப்படவில்லை. ரஹாங் தாமான்வாசி ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் மதிப்பீட்டு வரி சிரம்பான் மாநகர் மன்றத்துக்குப் போகிறது. குப்பை அள்ளவும் கால்வாய் வாரவும் தெருவிளக்கு எரியவும் பயன்படுகிறது. அதில் ஒரு காசுகூடப் பொம்பா நிலையத்தின் சம்பளப் பட்டியலுக்குப் போவதில்லை. ஆம்புலன்ஸும் அப்படித்தான். 999 அடித்தால் வரும் அரசு ஆம்புலன்ஸ் பெரும்பாலும் சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலிருந்து புறப்படுகிறது. அந்த அமைச்சுக்கு 2025-இல் ஒதுக்கிய 4,530 கோடி ரிங்கிட் நாட்டின் பொது வருவாய்.

அந்தப் பொது வருவாயில் தோட்டத்தின் பங்கு இல்லையா? செம்பனை எண்ணெய் விலை தீபகற்பத்தில் டன்னுக்கு 3,150 ரிங்கிட்டைத் தாண்டினால், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்கள் எதிர்பாரா லாப வரியாக அந்த மிகைத் தொகையில் 3 சதவீதம் கூட்டரசுக்குக் கட்ட வேண்டும். அண்மை ஆண்டுகளில் விலை மாதக்கணக்கில் 4,000-த்துக்கு மேல் நின்றது. நில வரி மாநிலத்துக்குப் போகிறது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு அந்நியத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 640 ரிங்கிட் லெவி. தொழிலாளி லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) கடையில் வாங்கும் சவர்க்காரத்தில்கூட விற்பனை வரி ஒளிந்திருக்கிறது. வரி கட்டாதவனுக்குச் சேவை தாமதம் என்று சொல்கிறவர், முதலில் யார் எவ்வளவு கட்டுகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். (வரி கட்ட வக்கில்லாதவன் எரிந்து சாகலாமா என்ற கேள்வி தனி. அதற்குப் பதில் தேவையில்லாத நாட்டில்தான் வாழ்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.)

பிறகு ஏன் தாமதம்? தூரம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இங்குள்ள தோட்ட வட்டாரங்களான லாபுவும் ரந்தாவும் சிலியாவும் சந்திர மண்டலத்தில் இல்லை. தூரத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் பணம்தான், அந்தப் பணம் எந்த வாய்க்காலில் பாய்கிறது என்பதுதான்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு ஆண்டுதோறும் மாநிலங்களுக்குச் சாலை மானியம் தருகிறது. அரசியல் சாசனத்திலேயே அதற்கு இடம் உண்டு. மாநிலச் சாலையின் நீளத்தை வைத்து அந்த மானியம் கணக்காகிறது. கம்பெனிச் சாலை மாநிலச் சாலை இல்லை. ஆகவே கணக்கில் வராது. லயத்துக்குப் போகும் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் செம்மண்ணுக்கு எந்தக் கஜானாவிலிருந்தும் காசு வருவதில்லை. பழக்குலை லாரி போகும் அளவுக்கு மேடு தட்டி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பல டன் தண்ணீரைச் சுமந்துகொண்டு மழை இரவில் அந்தப் பாதையில் திரும்பும் பொம்பா வண்டியின் ஓட்டுநரிடம் கேட்டுப்பாருங்கள். தூரத்தைப் பற்றியா பேசுவார்? பாலத்தைப் பற்றியும் பூட்டிய கேட்டைப் பற்றியும்தான் பேசுவார்.

தண்ணீர்க் குழாய்க்கும் அதே கதை. தாமான் கட்டினால் மேம்பாட்டாளர் தெருமுனையில் சிவப்புக் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. லயம் கட்டிய காலத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை, இன்றும் பெரும்பாலான இடங்களில் கேட்பாரில்லை. நிலையமும் வீடுகளைத் தேடித்தான் போகிறது. ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடத்தில் சிரம்பான் 2 எழும்பியது, அங்கே பொம்பா நிலையமும் வந்தது. மரம் நிற்கும்வரை நிலையம் கிடையாது, மரத்தை வெட்டி வீடு விற்றால் நிலையம் உண்டு. மரத்தடியில் இருந்தவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டால், மக்கள்தொகை அடர்த்தி என்று ஒரு விடை வைத்திருக்கிறார்கள்.

இனி வரலாறு. தோட்டப்புறத்தில் அவசர சேவை என்றுமே இருந்ததில்லை என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். இருந்தது, முதலாளி செலவில் இருந்தது. காலனி காலத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளி ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. சிறு தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து கூட்டு ஆஸ்பத்திரி வைத்தன. தரம் சொல்லும்படியாக இல்லாத இடங்கள் ஏராளம். மலேரியாவில் செத்தவர்களின் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனாலும் நள்ளிரவில் கதவைத் தட்ட ஒரு டிரசரின் (தோட்ட மருத்துவ உதவியாளரின்) வீடு இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1990-இன் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்ட முதலாளிக்கு மருத்துவக் கடமை உண்டு என்பதைத் தொடர்ந்து ஒப்புக்கொள்கிறது. என் தலைமுறைக்கு டிரசரின் சைக்கிள் மணியும் கசப்பு மருந்தும் நினைவிருக்கும். பாம்புக் கடிக்கும் பிரசவ வலிக்கும் அவர்தான் முதல் ஆள். அவரே பழைய ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்.

அந்த ஏற்பாடு சும்மா காற்றில் கரையவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கம்பெனிகள் கைமாறின, நிலம் வீட்டுமனை ஆனது. ஆள் குறைந்ததும் டிரசர் போனார், ஆஸ்பத்திரிக் கட்டடம் ஸ்டோர் ஆனது. "அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்றது நிர்வாகம். "தோட்டம் தனியார் நிலம்" என்றது அரசு. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் விழுந்த பள்ளத்தைத்தான் இப்போது கோயில் உண்டியலைக் கொட்டி நிரப்பச் சொல்கிறார்கள்.

முதலாளியிடம் கட்டாயமாகப் பணம் வாங்க முடியாது என்ற வாதம் பொய் என்பதற்கு ரப்பர் காலமே ஆதாரம். 1907-இல் தமிழ்த் தொழிலாளரை இங்கே கொண்டுவர ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். வேலை வாங்கிய நாள்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு முதலாளியும் அதற்குக் கட்டினார். ஆள் வாங்கியவர் வாங்காதவர் என்ற பேதமில்லாமல் கட்டினார். கப்பல் கட்டணத்துக்கும் கங்காணி கமிஷனுக்கும் அந்தப் பணம் ஓடியது. 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999-இல் கலைக்கப்படும்வரை இருந்தது. ஆனால் 1920-களில் அதே மாதிரி ஒரு வரியைப் போட்டு, தோட்டச் சுகாதாரத்தைப் பொது வாரியத்தின் கீழ் கொண்டுவர கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் முயன்றபோது என்ன நடந்தது? தோட்டத் துரைமார் முரண்டு பிடித்தார்கள். 30-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும், அதைச் சாக்கு வைத்து வாரியத்துக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். ஆளைக் கப்பலேற்ற வரி போட முடிந்தது, ஏறி வந்த ஆளைப் பிழைக்க வைக்க வரி போட முடியவில்லை.

இப்போது முதல் பேச்சுக்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் வாங்குவோம் என்கிறீர்கள். நல்லது. வாங்குவது ஒரு நாள் வேலை. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பெரிய அட்டைச் சாவியைத் தலைவர் கையில் கொடுத்துப் படம் பிடித்தால் முடிந்தது. மறுநாள் காலையில் அதை ஓட்டுவது யார்?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். சட்டப்படி ஒரு தொழிலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். ஒரு ஆசனத்தை இரவு பகலாக நிரப்பவே கிட்டத்தட்ட நான்கு பேர்; விடுப்பு, காய்ச்சல், தீபாவளி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஓட்டுநர் ஒருவர், உடன் செல்லும் மருத்துவ உதவியாளர் ஒருவர் என்று இரண்டு ஆசனம். பத்துப் பேர். எல்லாருக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் மட்டுமே கொடுத்தாலும் (படித்த மருத்துவ உதவியாளர் அதற்கு வரமாட்டார்) மாதம் 17,000, ஆண்டுக்கு 2,04,000 ரிங்கிட். இதில் சேமநிதி இல்லை, சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தா இல்லை. பெட்ரோல் இல்லை, காப்புறுதி இல்லை, ஆக்சிஜன் இல்லை, காலாவதியாகும் மருந்து இல்லை, மூன்றாம் வருடம் போகும் டயர் இல்லை. தீமிதியை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் காசு இதில் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கோயில் பொருளாளரைக் கேளுங்கள். அவர் பொய் சொல்லமாட்டார்.

நன்கொடை ஆம்புலன்ஸ்கள் பல எப்படி முடிகின்றன என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முதல் ஆண்டு சைரன், இரண்டாம் ஆண்டு பிண ஊர்தி, மூன்றாம் ஆண்டு கொட்டகைக்குப் பின்னால் டயர் இறங்கி நிற்கும். கொடுத்தவர் மேல் தவறில்லை. மக்கள் வண்டிக்குக் காசு தருவார்கள், காத்திருப்புக்குத் தரமாட்டார்கள். அவசர சேவையின் செலவில் பெரும்பங்கு அந்தக் காத்திருப்புதான். அழைப்பு வராத இரவிலும் பொம்பா வீரர் நிலையத்தில் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இரவுக்கு எந்த உபயதாரரும் பெயர் பொறிக்கக் கேட்பதில்லை.

தர்மத்தின் மேல் நின்ற பெரிய அமைப்புக்கே என்ன ஆயிற்று என்று இந்தியாவில் பார்த்தோம். 108 ஆம்புலன்ஸை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கியவர் சத்யம் கணினி நிறுவனத்தின் ராமலிங்க ராஜு. தமிழ்நாட்டுக்கு அது 2008 செப்டம்பரில் வந்தது. நாலே மாதத்தில், 2009 ஜனவரியில், தன் நிறுவனக் கணக்கெல்லாம் பொய் என்று ராஜு எழுதிக்கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். ஆம்புலன்ஸ் நின்றதா? நிற்கவில்லை. ஓட்டும் செலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஒப்பந்தப்படி ஏற்றிருந்தன. நிர்வாகம் இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. புரவலர் விழுந்தபோது சேவையைத் தாங்கியது வரிப்பணம். தமிழ்நாட்டுக்காரர் 108-ஐப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு உதவும்.

சீனர்களைப் பார் என்பார்கள். உண்மைதான், சீனப் புதுக்கிராமங்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பல காலமாக நிற்கின்றன. அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தீயில் முதல் பத்து நிமிடம் பக்கத்து வீட்டுக்காரன் கையில்தான். ஆகவே தோட்டத்திலும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேண்டும், பம்பும் குழாயும் வேண்டும். ஆனால் அந்தக் கிராமங்களில் வீடுகள் நெருக்கம், கடைத்தெரு உண்டு, கடைக்காரர் சந்தா தருவார், வீடு சொந்தம். லயத்தில் இருப்பவருக்கு வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்த மாதமே காலிசெய்யச் சொல்லலாம். அவரிடம் போய்ச் சொந்தத் தீயணைப்புப் படை அமைத்துக்கொள் என்பது அநியாயம். தன்னார்வப் படையும் நிலையத்துக்குத் துணை நிற்க முடியும், நிலையமாகிவிட முடியாது.

சரி, ஊர் ஊராகச் சந்தா வசூலித்து நடத்தலாமே? அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஒபியன் வட்டாரத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால் தீயணைப்பு வண்டி வரும். 2010-இல் ஒரு வீடு பற்றியெரிந்தது, வீட்டுக்காரர் சந்தா கட்டியிருக்கவில்லை. அழைத்தும் வண்டி வரவில்லை. சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ தாவியபோதுதான் வந்தார்கள், அங்கே மட்டும் தண்ணீர் அடித்துவிட்டு வீடு எரிவதை வேடிக்கை பார்த்தார்கள். அந்த வீரர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. சந்தாவில் நடக்கும் சேவைக்குச் சந்தாதாரர் மட்டுமே கண்ணில் படுவார்.

அதை ஊராட்சியிடமே விட்டால்? நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. அங்கே தீயணைப்பு பெரும்பாலும் மாநகர சபைகளின் வேலை. தோட்டப்புறத்தைச் சுற்றியுள்ள பிரதேச சபைகளோ, 1987-இன் சட்டத்திலிருந்த 33-ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாது என்று முப்பது ஆண்டு கைவிரித்தன. 2018-இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. லயன் வரிசைகள் எரிந்து குடும்பங்கள் பாடசாலையில் தங்கிய செய்திகள் மலையகத்தில் புதிதல்ல. அதே நாட்டில் 1990 என்ற எண்ணில் ஓடும் இலவச ஆம்புலன்ஸ் சேவை, 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கி நாடு முழுவதும் பரவியபோது, அழைப்பவர் எந்த சபைக்கு வரி கட்டுகிறார் என்று கேட்கவில்லை. மையத்தில் பணம் இருக்கும் சேவைக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. நாம் 1976-இலேயே மையத்துக்குப் போய்விட்டோம். நம் குறை பாதியில் நின்றுவிட்டதுதான். வீரருக்கும் வண்டிக்கும் கூட்டரசு பொறுப்பேற்றது. வண்டி போகும் பாதைக்கும் அது உறிஞ்சும் தண்ணீருக்கும் தோட்டத்துக்குள் யாரும் பொறுப்பேற்கவில்லை.

இன்னொரு பேச்சு உண்டு, சத்தமாகச் சொல்லமாட்டார்கள். "நம்ம ஜனங்கதான் தோட்டத்தை விட்டு வந்தாச்சே. இப்ப அங்க இருக்கிறது இந்தோனேசியாக்காரனும் வங்காளதேசக்காரனும். நமக்கென்ன?" இதைத் தாமானில் சொந்த வீட்டில் உட்கார்ந்து, துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை சில நிமிட ஓட்டத்தில் இருக்கும் தெம்பில் சொல்கிறோம். பாதி உண்மைகூட இல்லை. பழைய லயங்களில் இன்னும் நம் கிழவிகளும் கிழவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு பேரப்பிள்ளைகளும். முழு உண்மையாகவே இருந்தாலும் என்ன? நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டன்மார்களைப் பற்றித் துரைமார் பேசிய பேச்சும் இதுதான்: வந்தேறிகள், மூன்று வருடத்தில் திரும்பிப் போய்விடுவார்கள், இவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி வரி? அந்த வாக்கியத்தை நாம் கடன் வாங்க வேண்டாம்.

அந்த வங்காளதேசத் தொழிலாளியின் பேரில் கட்டப்படும் 640 ரிங்கிட்டையும் மறந்துவிட வேண்டாம். 320 அந்நியத் தொழிலாளர் உள்ள தோட்டக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குக் கட்டும் லெவி 2,04,800 ரிங்கிட். மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள்: பத்துப் பேரின் அடிப்படைச் சம்பளத்தைக் கட்டிவிட்டு 800 ரிங்கிட் மிச்சம் இருக்கும். பணம் தோட்டத்திலிருந்தே புறப்படுகிறது, தோட்டத்துக்குத் திரும்புவதில்லை. நம் சமூகத்தின் ஈகையில் குறையில்லை, வசூலான பணத்தின் திசையில்தான் கோளாறு.

கம்பெனிகள் தாங்காது என்று உடனே ஒரு குரல் எழும். விலை ஏறும்போது அந்தக் குரல் எங்கே போகிறது? ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஒரு தீர்வை போட்டால் சிறு தோட்டக்காரரைத் தொடாமல் பெரிய கம்பெனியிடம் வாங்கலாம். எதிர்பாரா லாப வரி நூறு ஏக்கர் கோட்டை அப்படித்தான் ஏற்கெனவே போட்டிருக்கிறது. புதிய வரிகூட வேண்டாம். அந்த வரியிலும் லெவியிலும் ஒரு பங்கைத் தோட்ட வட்டாரங்களுக்கென ஒதுக்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கங்களில் துணை நிலையம் ஒன்று, அதில் ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், இரவு பகல் ஆள் என்று தொடங்கலாம். லயத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் பூட்டாத கேட்டும் குடியிருப்புத் தரச் சட்டத்தின் கீழ் நிபந்தனை ஆகட்டும். லயத்துக்குப் போகும் சாலையை மாநிலச் சாலையாகப் பதியட்டும், மானியம் தானாக வரும். இதில் எதுவும் புரட்சி இல்லை, கோப்பு நகர்த்தும் வேலைதான்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாவை நிறுத்த வேண்டாம். நன்கொடைப் புத்தகத்தை மட்டும் அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வருகிறது. அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். ரஹாங்கின் சட்டமன்ற உறுப்பினரும் ராசா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் உங்கள் மேடைக்கு வந்து பொன்னாடை வாங்கும்போது, ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து போன ஆண்டு எவ்வளவு லெவி வசூலானது, அதில் எத்தனை ரிங்கிட் பொம்பாவாகவும் ஆம்புலன்ஸாகவும் திரும்பி வந்தது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.